இரண்டு மூட்டைக்கு மேல் கூடாது

"அம்பத்தொண்ணு" என்று சொன்ன பிறகும், எண் அசையாமல் நிற்கட்டும் என்று யோகேஸ்வரி எடை மிஷின் மேல் குனிந்தபடியே இருந்தாள்.

"எறங்கட்டுமாக்கா?"

"இரு. நம்பர் நிக்கட்டும்."

"நின்னாச்சு. போன வாரம் எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது. வேணும்னா மாலை போட்டு சூடம் காட்டு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். அவளுக்கு வாரத்தில் நிம்மதியாகச் சிரிக்க வருவது இந்த ஒரு நேரத்தில்தான். மிஷின் மேல் நிற்பவள் அவளுடைய தங்கை வாசுகி. சில மாதங்களாக வாசுகியின் கன்னம் ஒட்டிக்கொண்டே வருகிறது. கேட்டால் "வயசாகுதுல்ல" என்பாள், "டயட்" என்பாள், "சிங்கப்பூர்ல நாள் பூரா நிக்கிற வேல, கன்னம் மட்டும் உப்புமா?" என்பாள். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் இரவு தெப்ராவ் வீட்டுக்கு வந்து விழுகிறவளை யோகேஸ்வரி பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவர்களுடைய அம்மா போனது உடம்பு கரைந்துதான். ரவிக்கையைப் பிடித்துத் தைத்து, மறுபடி பிடித்துத் தைத்து, கடைசியில் பிடித்துத் தைக்க இடமே இல்லை என்று ஆகிப்போனது. அதனால் யோகேஸ்வரிக்கு ஒரே பயம், தங்கைக்கும் அதுதானோ என்று. ஞாயிறு காலையில் மிஷின் அம்பத்தொன்று என்று சொல்லும். அந்தப் பயம் அடுத்த ஞாயிறுவரை வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பொந்தியான் ஊரைத் தாண்டிப்போனால், கடலில் மணல் கொட்டித் தூர்த்த ஒரு பெரிய வெளி இருக்கிறது. வீடுகள் வரப்போகின்றன என்று பலகை நட்டவர்கள் திரும்பி வரவில்லை. பலகை சாய்ந்தது, மணல் இறுகித் தரையானது. அந்தத் தரையில்தான் பாய்வண்டிப் பந்தயம். மூன்று சக்கரம், நடுவில் ஒரு பாய்மரம், அதில் கட்டிய பாய், அடியில் சாய்ந்து உட்கார ஓர் இருக்கை. எஞ்சின் கிடையாது. காற்று இழுத்துக்கொண்டு போகும், காலால் முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பந்தயம் என்று வந்தால் விதி வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தே தாரே டீக்கடையில் நான்கு மேசையை ஒட்டிப் போட்டு அந்த விதிகளைப் பேசி முடித்தார்கள். யோகேஸ்வரி செனாயில் ஒரு தொழிற்சாலையில் கியூசி வேலை பார்க்கிறவள், அச்சில் வார்த்த சாமான் அளவு சரியா இல்லையா என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. அதனால் அளவு பார்க்கும் வேலையை அவளிடமே தள்ளிவிட்டார்கள். சின்ன வண்டிகளின் வகுப்பு என்பதால் முதல் விதி ஒரு கயிறு. குறித்த நீளமுள்ள அந்தக் கயிற்றை மூன்று சக்கரங்களையும் சுற்றிப் போட்டால் இரண்டு முனையும் தொட வேண்டும். தொடாவிட்டால் வண்டி பெரிது, வெளியே. பாயின் அளவுக்கு விதியே போடவில்லை.

"பாய எவ்ளோ பெருசா வேணும்னாலும் தச்சுக்கட்டும்" என்றாள் யோகேஸ்வரி அன்றைக்கு. "சின்ன வண்டில பெரிய பாயக் கட்டினா அதுவே அவனக் கவுத்துரும். நாம எதுக்குத் தனியா அடிக்கணும்?"

எடை விதியில்தான் சண்டை. ராஜசேகரன் ஆரம்பித்தார். தெப்ராவில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர், பாதி வண்டிகளுக்கு இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தவர், கனத்த ஆள்.

"ஒல்லியா இருக்கிறவன் சின்னக் காத்துலயே பறந்துர்றான். நான் உக்காந்தா வண்டி அங்கயே குந்திக்குது. இது நியாயமா லா?"

"நீங்க நாசி லெமாக்கக் கொறைங்கண்ணே" என்றாள் வாசுகி. "அதுக்கெல்லாமா ரூல் போடுவாங்க?"

போட்டார்கள். ஓட்டுகிறவர் ஐம்பது கிலோவாவது இருக்க வேண்டும். குறைந்தால் மணல் மூட்டையால் சரிசெய்யலாம், ஆனால் மூட்டையை இருக்கைக்கு அடியில் சட்டத்தோடு திருகி இறுக்க வேண்டும். உடம்பில் எதையும் கட்டிக்கொள்ளக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் அந்தக் கனம் ஆளின் விலாவில்தான் இறங்கும். ஒரு மூட்டை மூன்று கிலோ. இரண்டு மூட்டைக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி வரியை யோகேஸ்வரிதான் கேட்டு வாங்கினாள். அந்த மாதம் ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகளைக் கூட்டி வந்து வண்டியில் உட்காரவைக்கப் பார்த்திருந்தார். மூட்டைக்கு வரம்பு வைத்தால் பிள்ளைகள் தானாக வெளியே நின்றுவிடுவார்கள், வளர்ந்த மனுஷர் யாரும் அவ்வளவு குறையப் போவதில்லை என்பது அவள் கணக்கு.

வாசுகி மிஷினிலிருந்து இறங்கினாள். அடுத்து ஏற வேண்டிய ராஜசேகரன் அலுத்துக்கொண்டார்.

"எனக்கு வாராவாரம் ஏறுது, எறங்குது. தீபாவளி வந்தா மூணு கிலோ எக்ஸ்ட்ரா. இவளுக்கு மட்டும் ஐசி கார்டு நம்பர் மாதிரி லா. மாறவே மாறாது."

மறுபடியும் சிரிப்பு. யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதல் நாள் சொல்வது ஒன்று உண்டு. பத்து சாமான் அளந்து பத்திலும் அதே எண் வந்தால் சந்தோஷப்படாதே, சாமானை விட்டுவிட்டு அளவு கருவியைப் பார், அது எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது. மனித உடம்பு சாமானை விட மோசம். ஒரு தட்டுச் சோறு, ஒரு சொம்புத் தண்ணீர், மாதத் தொந்தரவு, எல்லாவற்றுக்கும் அது ஏறும் இறங்கும். மாதக்கணக்கில் ஒரே எண்ணா? எத்தனையோ பெட்டிச் சாமான்களைத் திருப்பி அனுப்பியவள் இதை மட்டும் வாரம் தவறாமல் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"வாசு. ஜாக்கெட்டக் கழட்டிட்டு மறுபடி ஏறு."

"எதுக்கு? வண்டில எப்படி உக்காருவோமோ அப்படியேதான் நிறுக்கணும்னு ரூல்."

"அளக்கிறவ கேட்டா கழட்டணும்னும் ரூல்."

"அத எப்ப எழுதின?"

"நீ தே தாரே குடிச்சுக்கிட்டிருந்தப்ப. கழட்டு."

வாசுகி சுற்றிலும் பார்த்தாள். அவள் முகத்தில் கிண்டல் வடிந்து போயிருந்தது.

"இங்க வேணாங்கா" என்றாள் மெதுவாக.

வண்டிகளை ஏற்றி வரும் ராஜசேகரனின் லாரிக்குப் பின்னால் போனார்கள். யோகேஸ்வரி எடை மிஷினைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள். வாசுகி ஜிப்பை இறக்கி ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினாள். வாங்கிய யோகேஸ்வரியின் கை சட்டென்று கீழே போனது. உள்துணியைத் தடவினாள். தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகள், வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று மோதாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பை. பாய் தைக்கிற நூலால் அத்தனை சுத்தமாகத் தைத்திருந்தது.

"எங்க வாங்கின?"

"பொந்தியான் டவுன்ல, தூண்டில் சாமான் கடை. வாராவாரம் வந்து வாங்குறேனா, சீனக் கடைக்காரரு கேட்டாரு, என்னா மோய், பெரிய மீனான்னு. ஆமா அங்கள், ரொம்பப் பெரிய மீனு, ஒண்ணையும் நம்பாது, அளந்து பாத்துத்தான் கடிக்கும்னேன்."

"ஏறு."

வாசுகி ஏறினாள். டீ ஷர்ட்டுக்கு வெளியே அவள் கைகள் அம்மாவின் கைகளாக இருந்தன. யோகேஸ்வரி எண்ணைப் பார்த்தாள். நாற்பத்துமூன்று. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

"எப்பேர்ந்து?" என்றாள்.

"சீனப் பெருநாளுக்கு முன்னாடி."

"அதேதானா?"

"அதேதான். அம்மாவுக்கு இருந்த அதே எடத்துல. வெட்டி எடுக்க முடியாதாம். மருந்து ஏத்தினா கொஞ்சம் தள்ளிப் போகுமாம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கு. நர்சுக்கு. பஸ் டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆஸ்பத்திரி வாசல்லதான எறங்குறேன்."

"எனக்கு ஏண்டி சொல்லல?"

வாசுகி மிஷினிலிருந்து இறங்கி லாரியின் படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"சொன்னா நீ என்னா பண்ணுவ? அம்மாவப் பாத்த மாதிரி என்னையும் பாப்ப. கடைசி வருஷம் பூரா நீ அம்மாகிட்ட என்னா பேசின, சொல்லு. சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா. வேற ஒண்ணு பேசினியா? அதுக்கு முன்னாடி நீயும் அம்மாவும் போடுற சண்டைக்கு லைன் வீட்டு ஜனமே கூடி நிக்கும். அம்மா எங்கிட்ட சொன்னாங்கக்கா. இவ எங்கூட சண்ட போடுறத நிறுத்திட்டா வாசு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னாங்க."

யோகேஸ்வரி லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. காற்று எழுந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு நாள் விடுக்கா. காத்து நல்லாருக்கு."

"ஈயத்தோடயா? கவுந்தா விலா நொறுங்கிரும்."

"விலாவ வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்."

"வாய மூடு. சட்டத்துல மூட்டையாக் கட்டுறேன்."

"எத்தன மூட்ட? ரெண்டு போட்டா நாப்பத்தொம்பது. பத்தல. மூணாவது கட்டணும். ரெண்டுக்கு மேல கூடாதுன்னு எழுதினது யாரு?"

அதற்குள் ராஜசேகரன் லாரியைச் சுற்றி வந்தார்.

"என்னா லா ரெண்டு பேரும், அங்க கொடி..." என்றவர், வாசுகியின் கைகளைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு மிஷினைப் பார்த்தார், தரையில் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். பட்டறைக்காரர், கனம் பார்த்தாலே தெரியும். அவர் தன் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"போகட்டும் யோகேஸ்" என்றார். "மூணு மூட்டயே கட்டு. யாரு கேக்கப் போறா?"

"அண்ணே, போன வருஷம் உங்க சக்கரம் கயித்துக்கு வெளிய ஒரு விரல் போச்சே, அப்ப இவ என்னா சொன்னா?" என்று கேட்டாள் வாசுகி.

"அது வேற லா."

"என்னா சொன்னா?"

"அச்ச வெட்டி மறுபடி ஒட்டிட்டு வாங்கன்னா. ஒட்டினேன். சீசன்ல பாதி போச்சு."

"நீங்க அழுதீங்க."

"வெல்டிங் பொகை அது."

யோகேஸ்வரி திரும்பினாள். "நான் ஒரு வழி சொல்றேன். வாசு, நீ மூணு மூட்டையோட ஓடு. புள்ளி வேணாம். கணக்குல சேராம சும்மா கூட ஓடு."

"கணக்குல சேராம எல்லார் கூடவும் ஓடுறதுக்கு நான் என்னா பேயா?"

ராஜசேகரன் கீழே கிடந்த ஜாக்கெட்டை எடுத்து லாரிக்குள் வைத்தார்.

"அப்ப ரூல மாத்துறேன்" என்றாள் யோகேஸ்வரி. "இப்பவே மாத்துறேன். நான்தான எழுதினேன்? எத்தன மூட்ட வேணும்னாலும்..."

"மாத்தாத."

"வாசு..."

"மாத்தாதக்கா. நீ யாருக்கும் மாத்தினதில்ல. அந்தப் புள்ளயோட அப்பா உன் கால்ல விழாத கொறதான், நீ மாத்தல. எனக்கு மாத்தினன்னா அப்புறம் நான் இங்க ஓட்டுற ஆள் இல்ல, நோயாளி. ஓட்டுற ஆளுக்கு எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு. அங்க போயி, எல்லாரும் கேக்கச் சொல்லு."

"என்னால முடியாதுடி."

"முடியும். உன் மூஞ்சிக்கு அதான் நல்லா வரும்."

ஜாக்கெட்டை லாரியிலேயே விட்டுவிட்டு வாசுகி டீ ஷர்ட்டோடு வெளியே நடந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். யோகேஸ்வரி மிஷினைப் பழைய இடத்திலேயே வைத்தாள். வாசுகி ஏறினாள். யோகேஸ்வரி குனிந்தாள், எண் நிற்கும்வரை காத்திருந்தாள். வழக்கமாக எல்லாருக்கும் சொல்கிற குரலில்தான் சொன்னாள், கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக.

"ஏழாம் நம்பர் வண்டி. ஓட்டுறவர் எடை நாப்பத்துமூணு. ரெண்டு மூட்டையில சரியாகாது. வகுப்புக்கு வெளிய. ஆட்சேபணை உண்டா?"

விதிப்படி கேட்கத்தான் வேண்டும்.

"உண்டு" என்றாள் வாசுகி. "அளக்கிறவ மூஞ்சி சரியில்ல. அதுக்கு எதாச்சும் ரூல் இருக்கா?"

ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ராஜசேகரன் தன் வண்டிப் பக்கம் போய், ஏற்கனவே இறுக்கியிருந்த திருகை மறுபடி இறுக்கினார்.

கொடி இறங்கியது. வண்டிகள் முதலில் தயங்கி, பிறகு ஒவ்வொன்றாகக் காற்றைப் பிடித்து, மணலில் சீறிக்கொண்டு போயின. ஏழாம் நம்பர் மட்டும் கோட்டுக்குப் பின்னால் நின்றது. அதன் பாய் காற்றுக்கு நிரம்பி, வண்டி தானாக ஓரடி முன்னால் நகர்ந்தது. யோகேஸ்வரி ஓடிப்போய்ப் பிடித்தாள். வாசுகி சொல்லச் சொல்ல அவளே கயிற்றை அவிழ்த்துப் பாயை இறக்கினாள். இத்தனை வண்டிகளை அளந்தவளுக்குப் பாயை ஒழுங்காகச் சுருட்டத் தெரியவில்லை.

"அப்படி இல்ல. கீழேர்ந்து. ஐயோ, பாய் சுருட்டச் சொன்னா போர்வ மடிக்கிற."

"நீ சும்மா இரு."

லாரியின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். தொலைவில் திருப்பத்தில் ராஜசேகரனின் வண்டி ஒரு பக்கச் சக்கரம் தூக்கியது.

"அண்ணே, பாய விடுங்க! தூங்குறீங்களா?" என்று வாசுகி கத்தினாள். கத்தியதில் இருமல் வந்தது. யோகேஸ்வரி முதுகைத் தடவக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொய்க்காரி" என்றாள்.

வாசுகி திரும்பிப் பார்த்தாள்.

"உடம்புல கனம் கட்டக் கூடாதுன்னு ரூல். தெரிஞ்சே கட்டியிருக்க. இந்த சீசன்ல நீ ஓடின ஓட்டம் எல்லாத்தையும் அழிக்கணும்."

"அழி."

"ரெண்டு கப்பும் திருப்பிக் குடுக்கணும்."

"ஒண்ணுலதான் கத்தாழை வச்சிருக்கேன்."

"கத்தாழையப் புடுங்கிட்டுக் குடு. உன் கத்தாழைக்குத்தான் கப்பு குடுத்தாங்களா? கழுவிக் குடு, மண்ணோட குடுக்காத. ஊரையே ஏமாத்திருக்க. மாசக்கணக்கா என்னைக் கூமுட்டையாக்கிருக்க. உக்காந்து ஒவ்வொரு பையாத் தச்சிருக்கியே, அந்த நேரத்துல ஒரு போன் அடிக்கத் தெரியல உனக்கு? நேர்க்கோடு போட்டுத் தச்சிருக்கா. தையல் மட்டும் நேரு, புத்தி கோணல்..."

வாசுகி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

"இன்னும் திட்டு" என்றாள்.

யோகேஸ்வரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். வண்டிகள் இரண்டாவது சுற்றுக்காக அவர்களைக் கடந்து போயின. ஓட்டியவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாசுகி தங்கையாகப் பிறந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். அக்காவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தோளில் சாய்வதற்கு எலும்புதான் இருந்தது.

"மருந்து ஏத்த ரெண்டு தடவ வரச் சொன்னாங்க. நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றாள் வாசுகி, கொஞ்ச நேரம் கழித்து. "சீசன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு."

"இப்ப?"

"சீசன்தான் முடிஞ்சு போச்சே."

"எப்ப வரச் சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம. நீ வேலைக்குப் போகணும்ல."

"எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

"காலையிலேயே போயி நம்பர் எடுக்கணும். நாள் பூரா ஆகும். சும்மா உக்காந்திருக்கணும்கா, உனக்குப் பொறும கெடையாது. நர்ச அளக்க ஆரம்பிச்சிருவ."

"அளப்பேன். அவங்க வேல சரியில்லன்னா சொல்லுவேன்."

"சொல்லித் தொலை." வாசுகி காலை நீட்டினாள். பாய் இறக்கிய வண்டியைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்குந்தாண்டி."

"கார்லயா போலாம்?"

"கார்லதான்."

"அங்க பார்க்கிங் கெடைக்காது."

"சுத்துவோம்" என்றாள் யோகேஸ்வரி. "கெடைக்கிற வரைக்கும் சுத்துவோம்."